தோள் ஆபரேஷன் ஆன அப்பாவுக்கு எந்த ரைஃபிள் வாங்கலாம்?

ஒரு தங்கச்சி எழுதியிருக்காங்க. கடிதம் நீளம், அதனால விஷயத்தை மட்டும் சொல்றேன். அப்பாவுக்கு ரெண்டு மாசத்துல 63 வயசு முடியுது. 35 வருஷமா லைசென்ஸ் வச்சு மான், காட்டுப்பன்னி வேட்டைக்குப் போறவர். கையில இருக்கிறது ஒரே ஒரு பழைய .30-06 ரைஃபிள் (.30-06-ங்கிறது அது போடுற தோட்டாவோட பேர்), அவரோட பெரியப்பா குடுத்தது, அதுலயும் இப்ப ஸ்டாக்ல, அதாவது தோள்ல வச்சுப் பிடிக்கிற மரக்கட்டையில, வெடிப்பு விட்டிருக்கு. போன வருஷம் வலது தோள்ல தசைநார் ஆபரேஷன். ஒன்றரை வருஷம் முன்னாடி அம்மா தவறிட்டாங்க, அதுக்கப்புறம் அவர் காட்டுக்கே போறதில்ல, வீட்டுல தனியாதான் இருக்கார். "புதுசா ஒரு ரைஃபிளை சர்ப்ரைஸா வாங்கிக் குடுத்தா பழையபடி கிளம்பிடுவார்னு நினைக்கிறேன், தம்பி .300 வின்செஸ்டர் மேக்னம் வாங்குன்றான், எனக்குத் துப்பாக்கி பத்தி ஒண்ணுமே தெரியாது, நீங்க சொல்லுங்கண்ணா"ன்னு கேட்டிருக்காங்க.

தங்கச்சி, நான் 26 வருஷமா துப்பாக்கி ரிப்பேர் வேலை பாக்குறேன், சுடப் பழகுற ரேஞ்சுல சொல்லியும் குடுக்குறேன், பிள்ளைங்க அப்பாவுக்கு வாங்கிக் குடுத்த ரைஃபிள் எத்தனையோ என் மேசைக்கு வந்திருக்கு. அதனால எந்த மாடல்னு ஆரம்பிக்காம, உங்க கடிதத்துல நீங்க ஒரே வரியில சொல்லிட்டுத் தாண்டிப் போன விஷயத்துல இருந்து ஆரம்பிக்கிறேன், கோவிச்சுக்காதீங்க.

அம்மா போனதுக்கப்புறம் அப்பா தனியா இருக்கார், 35 வருஷமா பிடிச்ச விஷயத்தையே விட்டுட்டார். இது தோள் வலியா, துக்கமா, இல்ல அதுக்கும் கீழ எங்கயாவது இறங்கிட்டாரான்னு நீங்க முதல்ல தெரிஞ்சுக்கணும். போன்ல கேட்டா "நல்லாத்தான் இருக்கேன்"னுதான் சொல்வார், நேர்ல போய் ரெண்டு நாள் கூட இருந்து பாருங்க, தூங்குறாரா, சாப்பிடுறாரா, சாயங்காலம் யார்கூடயாவது பேசுறாரா, பேச்சுல "நான் இருந்து என்ன ஆகப்போகுது" மாதிரி ஏதாவது வருதா. வந்தா சுத்தி வளைக்காம நேராவே கேளுங்க, "அப்பா, சாகணும்னு தோணுதா?"ன்னு. கேட்டா அந்த நெனப்பை நாமளே உண்டாக்கிடுவோம்னு பயப்படுறாங்க, அப்படி ஆகாது, கேட்கிறதுல நன்மைதான் இருக்கு. ஆமான்னோ, பதில் சொல்லாம தலையைக் குனிஞ்சோ இருந்தார்னா புது ரைஃபிள் பேச்சை அப்படியே ஒத்தி வைங்க, டாக்டர்கிட்ட உடனே கூட்டிட்டுப் போங்க, வீட்டுல இருக்கிற பழைய ரைஃபிளையும் தோட்டாவையும் உங்க ஊர்ச் சட்டம் அனுமதிக்கிற இடத்துல, லைசென்ஸ் உள்ள கடையிலயோ லைசென்ஸ் உள்ள சொந்தக்காரர்கிட்டயோ, கொஞ்ச காலம் ஒப்படைச்சு வைங்க. அந்த மாதிரி எண்ணம் வந்த நேரத்துல துப்பாக்கி கையெட்டுற தூரத்துல இல்லாம இருக்கிறதே ஒரு உயிரைக் காப்பாத்தும். நான் துப்பாக்கியை வச்சுதான் சோறு சாப்பிடுறேன், ஆனா இதைச் சொல்லாம மாடல் நம்பர் சொல்றதுக்கு எனக்கு மனசு வராது.

அப்படி ஒண்ணும் இல்ல, துக்கம்தான், வலிதான், துணைக்கு ஆள் இல்லாததுதான்னு உங்களுக்கு நிச்சயமாத் தெரிஞ்சா மேல படிங்க.

தம்பி சொன்ன .300 வின்செஸ்டர் மேக்னத்தைப் பத்தி முதல்ல. அது 1963-ல வந்த தோட்டா, நல்ல தோட்டா, திறந்தவெளியில ரொம்ப தூரத்துல பெரிய மிருகம் சுடுறவங்களுக்காக உள்ளது. உங்க அப்பா பரண்ல உக்காந்து 100, 150 மீட்டர்ல சுடுறவர்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அந்த தூரத்துக்கு மேக்னம் எதுக்கு? துப்பாக்கி உதைக்கிறதுக்கு ஒரு கணக்கு இருக்கு, ஸ்கோப்போட, அதாவது மேல மாட்டுற குறிபாக்குற தொலைநோக்கியோட, சேத்து 3.6 கிலோ எடையுள்ள ஒரே மாதிரி ரைஃபிள்கள்ல போட்டுப் பாத்தா 6.5 க்ரீட்மோர்ங்கிற தோட்டா சுமார் 12, 13 அடி-பவுண்ட் (உதையோட சக்தியை அளக்குற அலகு) உதைக்கும், .308 ஒரு 17, அப்பாவோட .30-06 கனமான குண்டு போட்டா 20 பக்கம், மேக்னம் 26-க்கு மேல. தசைநாரைத் தச்சு வச்சிருக்கிற தோள்ல 26-ஐக் கொண்டு போய் இடிக்க வேண்டாம்னு சொல்றதுக்கு டாக்டர் பட்டம் வேண்டியதில்ல. ஆனா எந்தத் தோட்டாவா இருந்தாலும், 12-ஆ இருந்தாலும் சரி, ஆபரேஷன் பண்ண டாக்டர்கிட்ட "இந்தத் தோள்ல துப்பாக்கி வச்சு சுடலாமா, எப்ப இருந்து சுடலாம்"னு ஒரு தடவை கேட்டுட்டுதான் அடுத்த வேலை.

உதைங்கிறது வலி மட்டும் இல்ல. ஒருத்தருக்கு உதைக்குப் பயம் வந்துட்டா விசையை மெதுவா அழுத்த மாட்டார், கண்ணை மூடிக்கிட்டு வெடுக்குனு இழுப்பார், குழல் மூக்கு கீழ போயிடும். கூடவே குண்டும் கீழ போகும், நெஞ்சுல படவேண்டியது காலுலயோ வயித்துலயோ படும், அந்த மிருகம் ஓடிப் போய் எங்கயோ கிடந்து மணிக்கணக்கா சாகும். 35 வருஷம் வேட்டையாடினவருக்கு அதைவிட மனசை அறுக்கிற விஷயம் வேற கிடையாது. மானோ பன்னியோ, குண்டு நெஞ்சுக்கூட்டுல இதயமும் நுரையீரலும் இருக்கிற இடத்துல போச்சுன்னா சாதாரணத் தோட்டாவே போதும், அங்க போகலன்னா மேக்னமும் உதவாது.

ஒரு பையன் இப்படித்தான் அப்பாவுக்கு மேக்னம் வாங்கிக் குடுத்தார், லேசான ரைஃபிள், தூக்கிட்டு நடக்க சுலபமா இருக்கும்னு நல்ல எண்ணத்துலதான் வாங்கினார். ஆறு மாசம் கழிச்சு என்கிட்ட விக்கிறதுக்குக் கொண்டு வந்தாங்க. மொத்தம் மூணே ரவுண்டு சுட்டிருந்தார். மூணாவது ரவுண்டுல ஸ்கோப் விளிம்பு புருவத்துல அடிச்சு அரைவட்டமா கிழிச்சிருந்தது, அந்தத் தழும்பு இன்னும் இருக்கும். ரைஃபிள் மேல ஒரு குத்தமும் இல்ல. எடை குறைஞ்சா உதை கூடும்னு அவங்களுக்கு யாரும் சொல்லல, ஸ்டாக் அவருக்கு நீளமா இருக்குன்னு யாரும் பாக்கல, ஸ்கோப்பைக் கண்ணுக்கு ரொம்பக் கிட்ட மாட்டியிருந்தாங்க. அந்தப் பெரியவர் பையன் மனசு நோகக்கூடாதுன்னு ஆறு மாசம் வாயே திறக்கல.

அதனாலதான் சர்ப்ரைஸ் வேண்டாம்னு சொல்றேன். ரைஃபிளும் செருப்பு மாதிரிதான், அளவு பாத்து வாங்கணும். கடையில வர்ற ரைஃபிள்கள் பெரும்பாலும் ஒரே அளவுல வரும், ஸ்டாக்கோட பின்முனையில இருந்து விசை வரைக்கும் 13.5, 13.75 இன்ச் பக்கம். அப்பா அஞ்சடி அஞ்சு அங்குலம்னு சொல்றீங்க, அவருக்கு அது நீளமாப் போக நிறைய வாய்ப்பு இருக்கு, அதுவும் குளிருக்கு ஜாக்கெட் போட்டுட்டா இன்னும் நீளம். அளவெடுக்கிறது சுலபம், அவர் கையை முழங்கையில நேர் செங்கோணமா மடக்கச் சொல்லி, முழங்கையோட உள்மடிப்புல இருந்து விசை அழுத்துற விரலோட நுனிச் சதை வரைக்கும் டேப் வச்சுப் பாருங்க, அது துல்லியமான அளவு கிடையாது, ஆனா ஆரம்பிக்கிறதுக்குப் போதும். இப்ப நிறைய ரைஃபிள்கள்ல பின்னாடி கழட்டி மாட்டுற ஸ்பேசர் குடுக்கிறாங்க, அந்த மாதிரி உள்ளதா பாருங்க, கூட்டிக் குறைச்சுக்கலாம்.

சட்டமும் சர்ப்ரைஸுக்கு இடம் குடுக்காது. நிறைய நாடுகள்ல துப்பாக்கி யார் பேர்ல பதிவாகுதோ அவரே கடைக்கு வந்து அவரோட லைசென்ஸைக் காட்டி எடுக்கணும், உங்களுக்கு லைசென்ஸ் இல்லாம நீங்க வாங்கி அவர் கையில குடுத்தா நீங்க ரெண்டு பேருமே மாட்டிக்கலாம். எந்த மிருகத்துக்கு எந்தத் தோட்டாங்கிறதும் இடத்துக்கு இடம் மாறும். உதாரணத்துக்கு ஜெர்மனில பெரிய மான் வகைக்குக் குண்டு 6.5 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது, 100 மீட்டர்ல 2000 ஜூல் சக்தி இருக்கணும். உதை ரொம்பக் கம்மின்னு எல்லாரும் சிபாரிசு பண்ற .243 வின்செஸ்டரோட குண்டு 6.2 மில்லிமீட்டர்தான், அங்க அந்த மானுக்கு அதைத் தூக்கிட்டுப் போக முடியாது. சில இடங்கள்ல ஈயக் குண்டுக்குத் தடை, தாமிரக் குண்டுதான் போடணும். அதனால அப்பா எங்க வேட்டைக்குப் போறாரோ அந்த இடத்து விதியை முதல்ல படிச்சிருங்க, இல்ல கடைக்காரர்கிட்ட அந்தக் கேள்வியை வச்சே பேச்சை ஆரம்பிங்க.

சரி, தோட்டா எது? விதி இடம் குடுத்தா என் மனசுல ரெண்டு மூணுதான் இருக்கு. 7 எம்எம்-08, இது 1980-ல ரெமிங்டன் கொண்டு வந்தது, .308 தோட்டாவோட கழுத்தைச் சுருக்கினது, மானுக்கும் பன்னிக்கும் தாராளம், உதை .308-ஐவிடக் கம்மி. 6.5 க்ரீட்மோர், 2007-ல ஹோர்னடி கொண்டு வந்தது, உதை இன்னும் கொஞ்சம் மென்மை, இப்ப அனேகமா எல்லா கம்பெனியும் இதுல ரைஃபிள் போடுது, தோட்டாவும் சுலபமாக் கிடைக்குது. ஐரோப்பா பக்கம் இருக்கிறவங்கன்னா 6.5 × 55 ஸ்வீடிஷ், 1890-கள்ல பிறந்தது, ஸ்காண்டிநேவியாக்காரங்க எல்க் மாதிரி பெரிய மிருகத்தையே இதுல வேட்டையாடுறாங்க, நூறு வருஷத்துக்கு மேல அதுக்கு ஒரு குறையும் யாரும் சொன்னதில்ல. இந்த மூணுல எந்தத் தோட்டா உங்க பக்கத்துக் கடையில எப்பவும் இருக்குமோ அதையே எடுங்க. மூணுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பத்தி ராத்திரி முழுக்க சண்டை போடுறவங்க இருக்காங்க, 150 மீட்டர்ல நிக்கிற பன்னிக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

ஆனா ஒண்ணு, வீட்டுல .30-06 ஒண்ணு இருக்கறப்ப ரெண்டாவதா வேற தோட்டா உள்ள ரைஃபிள் வந்தா ரெண்டு தோட்டாவையும் ஒண்ணாப் போட்டு வைக்கவே கூடாது. அதுலயும் .308 வாங்கினா ரொம்ப கவனம், குண்டு ரெண்டுக்கும் ஒரே தடிமன், கேஸ், அதாவது மருந்து இருக்கிற பித்தளைக் கூடு, மட்டும் .308-ல 51 மில்லிமீட்டர், .30-06-ல 63 மில்லிமீட்டர், அதனால .308 தோட்டா .30-06 ரைஃபிளுக்குள்ள போயிடலாம், விசையை இழுத்தா சுடவும் செய்யும், கேஸ் கிழிஞ்சு சூடான வாயு பின்னாடி முகத்துப் பக்கம் வரலாம். 63 வயசுல, விடியற்காலை இருட்டுல, பாக்கெட்ல கையை விட்டு எடுக்கிறவருக்கு அந்தக் குழப்பத்துக்கே இடம் வைக்க வேண்டாம். அதனால என் கணக்குல .308 வேண்டாம்.

எடை விஷயத்துல கடைக்காரர் "சார், இது வெறும் 2.5 கிலோதான்"னு ஒண்ணை எடுத்துக் காட்டுவார், பாக்க ஆசையா இருக்கும், அதை வாங்காதீங்க. அப்பா மலை ஏறுறவர் இல்ல, பரணுக்கு நடந்து போய் உக்கார்றவர். ஸ்கோப், அதைப் பிடிச்சு வைக்கிற மவுண்ட், தோட்டா எல்லாம் சேத்து 3.6-ல இருந்து 4 கிலோ வரைக்கும் இருக்கட்டும், அந்த எடைதான் உதையைக் குடிக்கும். பின்னாடி நல்ல மெத்துனு ரப்பர் பேட் இருக்கணும், விரலால அழுத்திப் பாருங்க, செருப்பு அடி மாதிரி கெட்டியா இருந்தா மாத்தச் சொல்லுங்க. குழல் முனையில பிரேக்னு ஒண்ணு மாட்டுவாங்க, அது உதையை நல்லாவே குறைக்கும், ஆனா சத்தத்தை சுடுறவர் காதுப் பக்கமே திருப்பி விடும். ரைஃபிள் சத்தம் ஏற்கனவே 140 டெசிபலைத் தாண்டினது, அதாவது ஒரே ஒரு வெடி காதைக் கெடுக்கப் போதும். உங்க இடத்துல சப்ரெஸருக்கு (முனையில மாட்டுற, சத்தத்தை அடக்குற குழாய்) அனுமதி இருந்தா அதை மாட்டலாம், உதையும் குறையும், சத்தமும் குறையும், முனையில எடையும் கூடும்.

இப்ப தோளுக்கு வருவோம், உதையைத் தவிர இன்னொரு விஷயம் இருக்கு, போல்ட், அதாவது ஒவ்வொரு தோட்டாவையும் உள்ள ஏத்தி வெளிய தள்ளுற கைப்பிடி. அவருக்கு வலது கையால போல்ட்டைத் தூக்கிப் பின்னாடி இழுத்து முன்னாடி தள்ளணும், ஆபரேஷன் ஆன கைதான் அந்த வேலையைப் பண்ணணும். பழைய மௌசர் 98 வழி வந்த ரைஃபிள்கள்ல போல்ட்டை 90 டிகிரி தூக்கணும், டிக்கா மாதிரி புதுசுல 70 டிகிரி, வேற சிலதுல 60. கேட்கிறப்ப சின்ன வித்தியாசம், முழங்கையை உசத்தினாலே வலிக்கிற ஆளுக்கு அது பெரிய வித்தியாசம். தூக்கவே வேண்டாம், நேரா இழுத்தா போதும்னு உள்ள ரைஃபிளும் இருக்கு, ப்ளேசர் ஆர்8 அந்த வகைதான், 2008-ல வந்தது, அருமையான பொருள், விலைதான் ஜாஸ்தி. கடையில வெறும் ரைஃபிளைத் தோள்ல வச்சபடியே அவரைப் பத்து தடவை போல்ட் போடச் சொல்லுங்க. நீங்க ரைஃபிளைப் பாக்காதீங்க, அவர் முகத்தைப் பாருங்க. ஏழாவது எட்டாவது தடவையில முகம் சுருங்குச்சுன்னா அடுத்ததை எடுக்கச் சொல்லுங்க, அவரா வாய் திறந்து சொல்ல மாட்டார்.

அங்கயே இன்னொண்ணும் பாக்கலாம். கடைக்காரர்கிட்ட சொல்லி ரைஃபிள் காலின்னு மூணு பேரும் பாத்து உறுதி பண்ணிட்டு, அப்பாவை வேட்டைக்குப் போடுற ஜாக்கெட்டைப் போட்டுக்கச் சொல்லுங்க, பத்திரமான பக்கமா சுவரைப் பாத்து நின்னு கண்ணை மூடிக்கிட்டு ரைஃபிளைத் தோளுக்கு ஏத்தி, கன்னத்தை வச்சு, அப்புறம் கண்ணைத் திறக்கணும். திறந்த உடனே ஸ்கோப்புக்குள்ள முழு வட்டமும் வெளிச்சமாத் தெரிஞ்சா அது அவர் உடம்புக்கு ஏத்த ரைஃபிள். ஓரத்துல கறுப்பு நிலா மாதிரி தெரிஞ்சாலோ கழுத்தை நீட்டித் தேடினாலோ அது சரிப்படாது, இல்லன்னா ஸ்கோப்பை நகத்தணும். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் 3.5, 4 இன்ச் இடைவெளி கட்டாயம் இருக்கணும், முன்ன சொன்ன பெரியவரோட புருவம் கிழிஞ்சது இதனாலதான்.

ஸ்கோப் பத்தி எல்லாரும் கடைசியில யோசிக்கிறாங்க, 63 வயசுக்காரருக்கு ரைஃபிளைவிட ஸ்கோப்தான் முக்கியம்னு நான் சொல்வேன். வயசாக ஆகக் கண்மணி இருட்டுலயும் முன்ன மாதிரி விரியாது, இளவயசுல 7 மில்லிமீட்டர் விரிஞ்சது இப்ப 5 பக்கம்தான் விரியும். ஸ்கோப்ல இருந்து கண்ணுக்கு வர்ற வெளிச்ச வட்டத்தோட அளவு முன்கண்ணாடி அகலத்தை உருப்பெருக்கத்தால வகுத்தா வர்றதுதான், 40 மில்லிமீட்டர் கண்ணாடியை 8 மடங்குல வச்சா 5 மில்லிமீட்டர், அவர் கண்ணுக்கு அதுவே நிறைவு. அதனால 56 மில்லிமீட்டர் கண்ணாடி போட்ட பெரிய ஸ்கோப்பைத் தலையில கட்டினா வாங்காதீங்க, அது எடையையும் உசரத்தையும் கூட்டி கன்னத்தை ஸ்டாக்ல இருந்து கிளப்பிடும். 3-ல இருந்து 9 மடங்கு வரைக்கும் போற 40 மில்லிமீட்டர் ஸ்கோப், கண்ணாடித் தரம் நல்லதா, அது போதும். அவர் பழைய ரைஃபிள்ல வெறும் இரும்புக் குறியை வச்சே சுட்டவர்னா கிட்டப் பார்வை மங்கினதுலயும் வேட்டையை விட்டிருக்கலாம், இதையும் கேட்டுப் பாருங்க, நிறைய பேர் வெக்கப்பட்டு வெளிய சொல்றதில்ல. ஸ்கோப் வாங்கின உடனே பின்பக்க வளையத்தை அவர் கண்ணுக்குத் தக்க திருப்பி வைக்கணும், வெறும் வானத்தைப் பாத்துட்டு சட்டுனு ஸ்கோப்புக்குள்ள பாத்தா குறுக்குக்கோடு உடனே கூர்மையாத் தெரியணும், ரெண்டு நிமிஷ வேலை, அதைப் பண்ணாமலே பத்து வருஷம் மங்கலாப் பாத்துட்டு இருக்கிறவங்களை நான் பாத்திருக்கேன். பணத்தைப் பிரிக்கிறப்ப பாதியை மட்டும் ரைஃபிளுக்கு வைங்க, மீதியில ஸ்கோப், உறுதியான மவுண்ட், காதை மூடிக்கிற எலக்ட்ரானிக் மஃப், பழகுறதுக்குத் தோட்டா.

மரமா பிளாஸ்டிக்கான்னு கேட்டா, ஈரத்துல மரம் உப்பி குழலைத் தொட்டு குறியை நகத்தும், சிந்தெட்டிக் ஸ்டாக் அப்படிப் பண்ணாது, பராமரிப்பும் இல்ல. ஆனா வால்நட் மரத்தை 35 வருஷம் கன்னத்துல வச்சவருக்கு அந்தத் தொடுதலே வேற, அதை அவர்கிட்டயே விட்டுடுங்க.

இவ்வளவும் சொன்னதுக்கப்புறம் என் மனசுல உள்ளதைச் சொல்லிடுறேன். உங்க கடிதத்துல என்னை நிறுத்தி வச்சது பெரியப்பா குடுத்த அந்த .30-06-தான். அந்தத் தோட்டா 1906-ல வந்தது, இன்னிக்கும் உலகம் முழுக்க கிடைக்குது, அந்த ரைஃபிள்ல அவர் பாதி வாழ்க்கை இருக்கு, அம்மா இருந்த காலம் முழுக்க அது அவர் தோள்ல இருந்திருக்கு. அதைத் தூக்கி மூலையில வச்சுட்டுப் புதுசைக் கையில குடுத்தா சந்தோஷப்படுவார்தான், ஆனா பழசு சரியாகி வந்தா அவர் என்ன ஆவார்னு யோசிச்சுப் பாருங்க. ஸ்டாக்ல போல்ட்டுக்குப் பின்னாடி வர்ற வெடிப்பு எங்க வேலையில சாதாரணம், உதையைத் தாங்க வேண்டிய இரும்புக் காது மரத்துல சரியாப் பதியாம போறப்ப முழு அடியும் பின்னாடி மெல்லிசான இடத்துல விழுந்து மரம் பிளக்கும். வெடிப்பை எபாக்ஸியும் பின்னும் போட்டு இறுக்கி, அந்தக் காது உக்கார்ற இடத்தைப் புதுசா வார்த்து, பின்பக்கம் நூல் அளவுக்கு இடைவெளி விட்டா இன்னொரு 35 வருஷம் நிக்கும். அதோட ஸ்டாக் நீளத்தை அவர் கைக்கு அறுத்து நல்ல பேட் போடலாம், விசையை ஒன்றரை கிலோ அழுத்தத்துக்கு சுத்தமாக்கலாம், ஸ்கோப் மாட்டத் துளை இல்லன்னா போடலாம், ஆனா ரொம்பப் பழைய அபூர்வமான ரைஃபிள்னா துளை போட்டா மதிப்பு போயிடும், போடுறதுக்கு முன்னாடி தெரிஞ்சவர்கிட்ட காட்டிடணும். தோட்டாவுல 125 கிரெய்ன் (குண்டோட எடையைச் சொல்ற அலகு) எடையுள்ள லேசான குண்டு வச்சு உதை குறைச்சதுன்னே .30-06-க்கு வருது, சாதாரண லோடைவிட நல்லாவே மென்மையா இருக்கும், 150 மீட்டருக்குள்ள மானுக்குப் போதும். பெரிய பன்னிக்கு மட்டும் அது கொஞ்சம் லேசு, அதுக்குத் தோள் இடம் குடுத்தப்புறம் பாத்துக்கலாம்.

ஆனா கன்ஸ்மித், அதாவது என்னை மாதிரி துப்பாக்கி ரிப்பேர் பாக்குறவர், ஒருத்தர் குழலையும், தோட்டா உக்கார்ற அறையோட அளவையும் கேஜ் போட்டுப் பாத்து நல்லா இருக்குன்னு சொன்னாதான் இந்தப் பேச்சே. அறை தேஞ்சிருந்தாலோ உள்ள துரு குழி விட்டிருந்தாலோ தயங்காம புதுசுக்குப் போயிடுங்க, பழசை சுவத்துல மாட்டி வச்சுக்கலாம்.

பிறந்தநாள் அன்னிக்கு என்ன குடுக்கிறதுன்னு கேப்பீங்க. ஒரு நல்ல காது மஃப்பை வாங்கி, அதுகூட ஒரு சீட்டு எழுதி வைங்க, "அப்பா, இந்த சனிக்கிழமை ரெண்டு பேரும் கன்ஸ்மித்கிட்ட போறோம், உங்க ரைஃபிளைக் காட்டுறோம், அவர் சொல்றதைக் கேட்டுட்டு ரிப்பேரா புதுசான்னு நீங்களே முடிவு பண்ணுங்க, செலவு என்னுது"ன்னு. ரெண்டு மஃப்பா வாங்குங்க, ஒண்ணு உங்களுக்கு. ரேஞ்சுக்கு நீங்களும் கூடப் போகணும்னு கேட்டுக்கறேன், சுட வேண்டியதில்ல, பக்கத்துல உக்காந்து டார்கெட்ல துளை எங்க விழுந்ததுன்னு தொலைநோக்கில பாத்துச் சொல்ற வேலையை எடுத்துக்கோங்க. முதல் நாள் பத்து ரவுண்டுக்கு மேல வேண்டாம், 25 மீட்டர்ல ஆரம்பிச்சு 100-க்குப் போங்க, மூணு மூணா சுட்டு நடுவுல பேசிட்டு இருங்க, அடுத்த நாள் தோள் எப்படி இருக்குன்னு போன் பண்ணிக் கேளுங்க. நடுவுல ஒரு தடவை, துப்பாக்கியில தோட்டா இருக்கா இல்லையான்னு அவருக்குத் தெரியாம ரேஞ்ச் இன்ஸ்ட்ரக்டரை விட்டு வெடிக்காத ஒரு டம்மி ரவுண்டு போடச் சொல்லுங்க, விசையை இழுக்கிறப்ப குழல் மூக்கு கீழ குதிச்சா உதைப் பயம் இன்னும் இருக்குன்னு அர்த்தம், அப்ப .22-ல, அதாவது உதையே அனேகமா இல்லாத சின்னத் தோட்டா போடுற ரைஃபிள்ல, ஒரு மாசம் பழகிட்டு வரட்டும்.

வீட்டுல பூட்டு விஷயம் பேசாம இதை முடிக்க மாட்டேன். உங்க ஏழு வயசுப் பையன் லீவுக்குத் தாத்தா வீட்டுக்குப் போவான்னு போற போக்குல எழுதியிருக்கீங்க. 35 வருஷ அனுபவக்காரங்க வீட்டுலதான் பீரோ மேல ரைஃபிளும் மேசை டிராயர்ல தோட்டாவும் இருக்கறதை நான் அதிகம் பாத்திருக்கேன், பழக்கம் ஆகிட்டதால பயம் போயிடும். இரும்புப் பெட்டி ஒண்ணு சுவரோட போல்ட் போட்டு, தோட்டாவுக்குத் தனிப் பூட்டு, சாவி இருக்கிற இடம் பேரனுக்குத் தெரியாம, பையன் அங்க போறதுக்கு முன்னாடியே. அப்பாகிட்ட இதைக் குத்தமா சொல்லாம பரிசோட பரிசா அந்தப் பெட்டியையும் வாங்கிக் குடுத்துடுங்க, ரைஃபிளைவிட அதை முதல்ல இறக்குங்க.

அந்த வெடிப்பை எனக்கு போட்டோ எடுத்து அனுப்புங்க, போல்ட்டுக்குப் பின்னாடி மேல இருந்து ஒண்ணு, ரெண்டு பக்கவாட்டுலயும் ஒண்ணு ஒண்ணு, குழல்ல உள்ள முத்திரை எழுத்துக்கள் படிக்கிற மாதிரி ஒண்ணு. எடுக்கறதுக்கு முன்னாடி அப்பாவை விட்டே போல்ட்டைத் திறந்து காலின்னு பாக்கச் சொல்லுங்க, நீங்க தொட வேண்டாம். முழங்கை அளவும் டாக்டர் சொன்ன பதிலும் கூட எழுதுங்க, பாத்துட்டு அந்த ஸ்டாக் தேறுமான்னு சொல்றேன்.